மெல்லச் செல்வோரின் பாதை

நுழையும்முன்

சாலை அனைவர்க்கும் பொதுவானது. ஆயினும் அதனைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஒரே வலிமை உடையவரல்லர். பேருந்துக்கு அஞ்சி மிதிவண்டி ஒதுங்குகிறது. மிதிவண்டிக்கு அஞ்சி நடப்பவர் ஒதுங்குகிறார். நடப்பவர் ஒதுங்க இடமில்லாதபோது என்ன நேரும்? நடைபாதையில் மிதிவண்டி செல்வது குறித்துச் சில நாடுகள் கண்ட வழிகளையும் அவை நமக்கு உணர்த்தும் உண்மையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருவேறு வேகம்

நடப்பவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு செல்கிறார். மிதிவண்டியில் செல்பவர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அவர் ஒவ்வொரு நொடியும் 5 மீட்டர் கடக்கிறார். முன்னால் செல்பவர் திடீரெனத் திரும்புவதைக் கண்டு பிரேக்கை அழுத்த அவருக்கு ஒரு நொடி ஆகுமெனில், வேகம் குறையத் தொடங்கும் முன்னரே வண்டி 5 மீட்டர் சென்றுவிடும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நீங்கள் இயற்பியலில் கற்பதே.

நடப்பவர் எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை. கடையைப் பார்த்து நிற்பார். குழந்தையின் கையைப் பற்றச் சட்டெனத் திரும்புவார். பின்னால் ஓசையின்றி வரும் மிதிவண்டியைச் செவித்திறன் குறைந்த முதியவரால் உணர இயலாது. வெண்கோல் ஊன்றி நடக்கும் பார்வை மாற்றுத்திறனாளிக்கு ஒலியே வழிகாட்டி. ஒலியற்ற வண்டி அவருக்குப் பேரிடர்.

சட்டமும் கருணையும்

இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், நடைபாதையில் குதிரையையும் வண்டியையும் செலுத்துவதைத் தடை செய்தது. மிதிவண்டியும் சட்டப்படி ஒரு வண்டியே என 1888இல் வரையறுக்கப்பட்டது. எனவே, அத்தடை மிதிவண்டிக்கும் பொருந்தியது. 1999இல் விதியை மீறுவோர்க்கு உடனடித் தண்டத்தொகை விதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அப்போது அந்நாட்டு அமைச்சர் ஒருவர், விரைந்தோடும் ஊர்திகளுக்கு அஞ்சி, பிறர்க்கு இடையூறின்றி நடைபாதையில் செல்வோரைத் தண்டிப்பது இதன் நோக்கமன்று என விளக்கமளித்தார். தடையை விதித்த அரசே அச்சத்தின் காரணத்தையும் உணர்ந்திருந்தது என்பதை இதனால் அறியலாம்.

ஜப்பானின் பட்டறிவு

ஜப்பான் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1970ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் 16,765 பேர் உயிரிழந்தனர். மோட்டார் ஊர்திகளிடமிருந்து மிதிவண்டியோரைக் காக்கும் பொருட்டு, குறியீடு நிறுவப்பட்ட நடைபாதைகளில் அவர்கள் செல்ல அவ்வாண்டே சட்டம் இடமளித்தது. அந்த ஏற்பாடு நாளடைவில் பழக்கமாயிற்று. சாலையில் வந்த இடர் குறைய, நடைபாதையில் புதிய இடர் முளைத்தது.

இதனை நெறிப்படுத்த விதிகள் திருத்தப்பட்டன. மிதிவண்டிக்குரிய இடம் சாலையே. நடைபாதை விதிவிலக்கு என்பது தெளிவாக்கப்பட்டது. 13 வயதுக்குட்பட்டோர், 70 வயது நிறைந்தோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் நடைபாதையில் செல்லலாம் என்னும் விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு செல்வோரும் உடனே நிறுத்தத்தக்க மெதுவான வேகத்தில், சாலையை ஒட்டிய பகுதியில் செல்ல வேண்டும். நடப்பவர்க்குத் தடையாகும் நிலை வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். நடப்பவரை விலகச் செய்வதற்காக மணியடிப்பதும் விதிமீறலே.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் கோபே நகரில் 2008ஆம் ஆண்டு 11 வயதுச் சிறுவன் ஓட்டிவந்த மிதிவண்டி, நடந்துசென்ற 62 வயதுப் பெண்மணி மீது மோதியது. அவர் நினைவு திரும்பாத நிலைக்கு ஆளானார். சிறுவனின் தாய் ஏறத்தாழ 9 கோடியே 50 இலட்சம் யென் இழப்பீடு வழங்க வேண்டும் என 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நகர் அமைந்துள்ள ஹியோகோ மாநிலம், மிதிவண்டி ஓட்டுவோர் காப்பீடு செய்வதை 2015இல் கட்டாயமாக்கியது.

பூசலில் காணப்படாத மூன்றாமவர்

நடைபாதையில் நிகழும் பூசல், எளியவர் இருவர்க்கிடையே நிகழ்வது. சாலையின் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொண்ட விரைவூர்திகள் அப்பூசலில் காணப்படுவதில்லை. ஒருவரையொருவர் குறைகூறும் இருவரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. நெதர்லாந்து நாட்டினர் 1970களில் குழந்தைகளின் சாலை மரணங்களைக் கண்டு கொதித்தெழுந்து போராடினர். நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் மோட்டார் ஊர்திக்கும் தனித்தனித் தடங்கள் அங்குப் பெருகியதற்கு அப்போராட்டமும் ஒரு காரணமாயிற்று. தடம் பிரிந்தவிடத்துப் பூசலும் தணிந்தது.

நம் நாட்டுச் சாலை விதிகளும் மோட்டார் ஊர்திகள் நடைபாதையில் செல்வதைத் தடுக்கின்றன. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியுள்ளது. ஆயினும் கடைகளும் நிறுத்தப்பட்ட ஊர்திகளும் நடைபாதையை மறைக்கும் இடங்களில், நடப்பவர் சாலையில் இறங்கியே செல்ல நேர்கிறது.

நம் கையில் உள்ள பொறுப்பு

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில்தான் விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. தொலைவின் காரணமாகக் கல்வி தடைப்படலாகாது என்பதே அதன் நோக்கம். அவ்வண்டியில் ஏறும் மாணவர் ஒரே நேரத்தில் இரு நிலைகளை அடைகிறார். பேருந்தின் முன் அவர் எளியவர். நடப்பவர் முன் அவரே வலியவர். தமக்குப் பேருந்து ஓட்டுநர் வழிவிட வேண்டும் என எதிர்பார்ப்பவர், தாமும் நடப்பவர்க்கு வழிவிடக் கடமைப்பட்டவர்.

மிதிவண்டிக்கெனத் தனித்தடம் கேட்பது நம் உரிமை. அது கிடைக்கும்வரை நடைபாதையில் ஏற நேர்ந்தால், இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதே முறை. அந்தச் சில மணித்துளிகளின் தாமதம், முதியவர் ஒருவரின் எலும்பு முறியாமல் காக்கக்கூடும். மெல்லச் செல்வோரும் அச்சமின்றி நடக்கக்கூடிய பாதையே நாகரிகச் சமூகத்தின் அடையாளம்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக்கு வரும் சாலையில் நடப்பவர், மிதிவண்டியில் செல்வோர் ஆகிய இருவரும் எதிர்கொள்ளும் இடர்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் களைய வேண்டி உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.