படேல்: பதவி தந்த பெயர்

நம்பிக்கை: படேல் என்பது ஒரு சாதி. ராமனின் மக்கள் லவன், குசன் வழி வந்தவர்கள் அவர்கள்.

உண்மை: படேல் என்பது முதலில் ஒரு பொறுப்பின் பெயர். குஜராத் கிராமங்களில் நிலவரி வசூலித்து அரசுக்குக் கட்டிய ஊர்த்தலைவர்தான் படேல். நம் பக்கத்து மணியக்காரர் மாதிரி. அப்பாவுக்குப் பின் மகனுக்கு அந்தப் பொறுப்பு வந்ததால் பெயரும் குடும்பத்தோடு தங்கிவிட்டது. பார்சிகளிலும் முஸ்லிம்களிலும் படேல்கள் உண்டு. பரூச் மாவட்டத்துக்காரரான காங்கிரஸ் தலைவர் அகமது படேலும், மராத்தி இயக்குநர் ஜப்பார் படேலும் நாம் அறிந்தவர்கள்.

இன்று நாம் பொதுவாக நினைக்கும் படேல்கள், கண்பி எனப்பட்ட உழவர்கள். கேடாவை ஒட்டிய சரோத்தர் பகுதியில் ஊர் வரியைப் பங்கு போட்டு ஏற்ற நிலக்காரக் குடும்பங்கள் தங்களைப் பட்டிதார், அதாவது பங்குதாரர், என்று சொல்லிக்கொண்டன. அந்தப் பெயருக்கு மரியாதை கூடக் கூட மற்ற கண்பிகளும் அதை ஏற்றார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதுவே பதிவானது. கரம்சத்தைச் சேர்ந்த வல்லபாய் படேல் இந்தப் பட்டிதார்களில் லேவா என்ற பிரிவினர்.

பட்டிதார்களின் லேவா, கட்வா என்ற இரு பிரிவுகளின் பெயர் ஒலியை வைத்துக் கட்டியதே லவ-குசக் கதை. அதற்குச் சான்று கிடையாது. அந்தப் புராணப் பூச்சு இவர்களின் உண்மையான வரலாற்றை மறைப்பதுதான் எனக்கு வருத்தம். கட்வாக்களின் குலதெய்வம் உஞ்சாவில் உள்ள உமியா மாதா. முன்பு ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அங்கே கல்யாண முகூர்த்தம் அறிவித்தார்கள். அதைத் தவறவிட்டால் இன்னொரு பத்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பதால் தொட்டில் குழந்தைக்கும் மணம் முடித்தார்கள். மாப்பிள்ளை அமையாத பெண்ணுக்குப் பூச்செண்டே மணமகன் ஆனது. சடங்கு முடிந்ததும் செண்டைக் கிணற்றில் போட்டார்கள். அவள் விதவை எனக் கொள்ளப்பட்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் எளிய முறையில் மறுமணம் செய்துகொள்ள முடிந்தது. உஞ்சாவை ஆண்ட பரோடா அரசு 1904இல் குழந்தை மணத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு சமூகம் தன் பெண்களை எப்படி நடத்தியது, எப்படி மாறியது என்பதையெல்லாம் சொல்லும் இந்தச் செய்திகளை விட்டுவிட்டு அயோத்திக்குப் போவானேன்?

உகாண்டா ரயில் பாதை போடக் கூலிகளாகப் போனவர்கள் படேல்கள் என்ற இன்னொரு நம்பிக்கையும் தவறு. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். சரோத்தர்காரர்கள் கடை வைக்கவும் எழுத்தர் வேலைக்கும் போனார்கள். 1972இல் உகாண்டா அதிபர் இடி அமீன் ஆசியர்களை விரட்டியபோது அந்தக் கடைகளை விட்டுவிட்டுப் பலர் பிரிட்டனில் குடியேறினார்கள்.