முதல் கெமரா வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

சித்திரை லீவுக்கு முன்னும், ஓகஸ்டில் கண்டிப் பெரஹர தொடங்கும்போதும், மார்கழி விடுமுறையிலும் தெல்தெனியப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, கையில கொஞ்சம் காசு இருக்கு. ட்ரிப் போக எந்தக் கெமரா நல்லம்?" ஸ்டூடியோ வேலையிலேயே கிழடாகிப்போன ஆள் என்பதால் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவது லேசு. ஆனால் எங்கே போகிறீர்கள், எதைப் பிடிக்கப் போகிறீர்கள், வழியெல்லாம் யார் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று தெரியாமல் பெயர் சொல்வது கடைக்காரர் வேலை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதி வைக்கிறேன்.

1. முதலில் கையிலிருக்கிற போனோடு ஒரு ட்ரிப் போய் வாருங்கள். வந்ததும் கெட்டுப்போன படங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். தூரத்தில் இருந்தது புள்ளியாகத் தெரிகிறதா? இருட்டில் எடுத்தது கலங்கிப் போயிருக்கிறதா? அப்படியென்றால் கெமரா வாங்குவதில் நியாயம் இருக்கிறது. முகத்துக்குப் பின்னால் வெயில், பெரியம்மாவின் தலை பாதி வெட்டு, எல்லாரும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் அதே படம்தான் வரும். காசை வைத்துக்கொள்ளுங்கள்.

2. உங்களிடம் இருக்கிற தொகையை ஒரு தாளில் எழுதி, அதில் கால்வாசியை அப்படியே ஒதுக்கி வையுங்கள். மெமரி கார்ட், இன்னொரு பெட்டரி, மழைக்குத் தாங்குகிற பை எல்லாம் அதற்குள் வர வேண்டும். முழுக் காசையும் கெமராவுக்கே கொடுத்துவிட்டு, பெட்டரி செத்ததும் கெமராவை வானில் வைத்துவிட்டு நடக்கிற பிள்ளைகளை வருசா வருசம் பார்க்கிறேன். தவணைக்கு வாங்க வேண்டாம். உல்லாசமாகப் போய் வருகிற விஷயத்துக்குக் கடன் பட்டால், அடுத்த ட்ரிப் போக மனம் வராது.

போன வருசம் ஒருவர் வாங்கிய விலையை நம்பி கண்டி டவுனுக்குப் போகாதீர்கள். கெமரா முழுக்க இறக்குமதிச் சாமான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 2024 தொடங்கியபோது வற் வரியும் 18 வீதமானது. சென்னையில் விலை குறைவு என்று சொந்தக்காரர் கொண்டுவந்து தருவார். வாங்குங்கள், தப்பில்லை. அங்கே கொடுக்கும் வோரன்டி இங்கே செல்லுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் செல்லாது.

3. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். 1975இல் கொடாக் கம்பனியில் ஸ்டீவன் சாசன் என்கிற இளம் பொறியியலாளர் செய்த முதல் டிஜிட்டல் கெமராவில் மொத்தமே பத்தாயிரம் புள்ளிதான், அதாவது 0.01 மெகாபிக்சல். எடை 3.6 கிலோ. ஒரு படத்தை கசட் நாடாவில் பதிய 23 வினாடி. இன்றைக்குச் சந்தையில் இருக்கிற மலிவான கெமராவும் 16, 20 என்று நிற்கிறது. நமக்கு எவ்வளவு தேவை? 6×4 அங்குலப் படத்தைத் துல்லியமாக பிரின்ட் போட 2 மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூட. ஏ4 தாள் அளவுக்கு 9 போதும். பத்து இருந்தால் சுவரில் சட்டம் போட்டு மாட்டலாம். அதற்கு மேல் கொடுக்கிற காசு உங்கள் படத்தில் தெரியாது.

4. கேட்க வேண்டிய எண், உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சரின் அளவு. கடையில் அதைக் கேட்டால் பாதிப் பேர் முகத்தைத் திருப்புவார்கள். விடாமல் கேளுங்கள். சின்ன கெமராக்களில் இருக்கிற சென்சர் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். 'ஒரு அங்குலம்' என்று விற்கப்படுவது உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர்தான் (பெயரில் அங்குலம், அளந்தால் பாதி, வியாபாரம் அப்படி). அது சின்னதைப்போல நாலு மடங்கு பரப்பு. லென்ஸ் கழற்றி மாட்டுகிற தொடக்கநிலைக் கெமராக்களில் 23.5க்கு 15.6 அளவில் வரும், பதின்மூன்று மடங்கு. முற்றத்தில் எவ்வளவு பெரிய பாயை விரிக்கிறோமோ அவ்வளவு வெயில்தான் அதில் விழும். நண்பகலில் பேராதனைத் தோட்டத்தில் எடுத்தால் சின்ன சென்சருக்கும் பெரியதற்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. பெரஹர இரவில், கொப்பரைத் தீவட்டி வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். சின்னதில் யானையின் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

5. சூம் விஷயத்தில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது. 'ஒப்டிகல்' என்று போட்டிருக்கிற எண் மட்டுமே கணக்கு. டிஜிட்டல் சூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் கணினியிலும் செய்யலாம்.

எங்கள் ஊர்க்காரருக்கு சூம் ஆசை வருவதில் நியாயம் உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றுகிற காலத்தில், மூழ்கிப்போன பழைய தெல்தெனிய நகரத்தின் மிச்சங்கள் வெளியே தெரியும். பார்க்க வருகிறவர்கள் ரோட்டோரத்தில் நின்று போனை நீட்டுவார்கள். படத்தில் தண்ணீரும் சேறும்தான் இருக்கும். நக்கிள்ஸ் பக்கம் பறவை பார்க்கப் போகிறவருக்கும் சூம் வேண்டும். ஆனால் 60 மடங்கு என்று வாங்கி முழுக்க நீட்டினால் மூச்சு விட்டாலும் படம் அசையும். நீட்டின லென்ஸ் வெளிச்சத்தையும் குறைவாகத்தான் விடும். போதாததற்கு எங்கள் மலையில் மத்தியானம் ஆனதும் மூடுபனி வந்து நடுவில் நிற்கும். அதை எந்த சூமும் தாண்டாது. கையில் பிடித்து எடுக்க 20, 30 மடங்குக்கு மேல் தேவையில்லை.

குடும்பத்தோடு போகிறவர்கள் சூமின் மறுமுனையைப் பாருங்கள். 24 மில்லிமீற்றரில் தொடங்குகிறதா, 28இலா? கேட்கச் சின்ன வித்தியாசம். 1821இல் தொடங்கிய பேராதனைத் தோட்டத்தில் படர்ந்து நிற்கிற அந்தப் பெரிய அத்தி மரத்தடியில் பன்னிரண்டு பேரை நிறுத்தும்போது, 28 என்றால் நீங்கள் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பீர்கள். வானுக்குள்ளே எடுக்கும்போது பின்னால் போக இடமே இருக்காது.

6. இப்போது பெயர்கள். உங்கள் காசுக்கு மூன்று வழி இருக்கிறது.

சட்டைப்பைக்குள் போகிற சின்னக் கெமரா: கெனன் இக்சஸ் வகைகள், சோனி டபிள்யூ830, கொடாக் பிக்ஸ்புரோ. எட்டு வயதுப் பிள்ளையும் எடுக்கும். ஆனால் நல்ல போன் வைத்திருக்கிறவருக்கு இது புதிதாக அதிகம் கொடுக்காது. போன் இல்லாத பிள்ளைக்கு, அல்லது நீங்கள் கையில் போன் கொடுக்க விரும்பாத பிள்ளைக்கு வாங்கலாம்.

பயண சூம் கெமரா: 2018இல் வந்த கெனன் எஸ்எக்ஸ்740, 24இல் தொடங்கி 40 மடங்கு போகிறது. பெனசோனிக்கின் டிஸெட் வரிசையும் இதே இனம். பெரும்பாலானவற்றில் சென்சர் சின்னதுதான், இரவுக்கு ஆகாது. பகலில் ஊர் சுற்றுகிற குடும்பத்துக்கு என் வாக்கு இதற்குத்தான்.

பாவித்த டிஎஸ்எல்ஆர்: நிக்கோன் டி3000 வரிசை, கெனன் 1300டி போன்றவை, 18-55 லென்ஸோடு. எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக்கு (மிரர்லெஸ்) மாறிக்கொண்டிருப்பதால் இவை விலை இறங்கிக் கிடக்கின்றன. படம் பிடிக்கப் பழக விரும்புகிற பிள்ளைக்கு, கொடுக்கிற ரூபாய்க்கு இதைவிட நல்ல படம் தருகிற சாமான் வேறில்லை. ஒரே நிபந்தனை, தூக்க வேண்டும். லென்ஸோடு அரைக் கிலோவுக்கு மேல். பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர், ஒரு தரம் கடையில் கழுத்தில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய 'டிஜிகேம்' மோகம் இப்போது பிள்ளைகளிடம் இருக்கிறது. படத்தின் நிறம் பிடித்தால் வாங்குங்கள், விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். கார்டையும் பாருங்கள். பழைய ஒலிம்பஸ், புஜிபில்ம் சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்ட், பழைய சோனிக்கு மெமரி ஸ்டிக். இரண்டும் இப்போது தேடிப் பிடிக்க வேண்டிய சாமான். மிகப் பழைய எஸ்டி கெமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை வாசிக்காது.

7. பாவித்ததை வாங்கும்போது பகலில் போங்கள், சொந்தக் கார்டோடு போங்கள். மலைநாட்டில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சணம். லென்ஸுக்குப் பின்னால் போன் டோர்ச்சைப் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை விட்டிருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். "துடைச்சாப் போயிரும்" என்பார்கள். அது கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும், மற்ற லென்ஸுக்கும் பரவும்.

பிறகு சூமை முழுக்க நீட்டி மடக்கி, கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வெளிவானத்தை ஒரு படம் எடுங்கள், கறுப்புப் புள்ளி இருந்தால் சென்சரில் தூசி. பெட்டரி மூடியின் கொக்கி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பட்டி போட்டுக் கட்டின கெமரா வேண்டாம். டிஎஸ்எல்ஆர் என்றால் ஷட்டர் எத்தனை தரம் அடித்தது என்று கேளுங்கள். நிக்கோன் தன் தொடக்கநிலை மாடல்களை ஒரு லட்சம் தட்டுக்குச் சோதிக்கிறது. யப்பானிலிருந்து வந்த சாமான் என்றால் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடிகிறதா என்று அங்கேயே மாற்றிப் பாருங்கள். யப்பான் சந்தைக்கென்று செய்த சோனிகளில் பெரும்பாலும் யப்பான் மொழி மட்டும்தான். சார்ஜரின் அடியில் 100-240 என்று இருக்க வேண்டும். 100 மட்டும் இருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் புகைந்துவிடும். பில் இல்லாத, பெட்டி இல்லாத, விலை மட்டும் ஆச்சரியமாகக் குறைந்த கெமரா யாருடையது என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

8. வாங்கின பிறகு உடுப்பு அலுமாரிக்குள் வைக்காதீர்கள். தோல் பைக்குள் பூட்டி வைக்கிறது அதைவிட மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். அரிசி வேண்டாம், அதன் தவிடு லென்ஸுக்குள் போகும். ஐப்பசி தொட்டுத் தை வரைக்கும் எங்கள் பக்கம் மழை. அந்த மாதங்களில் பாவிக்காவிட்டாலும் அடிக்கடி வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். ஏசி வானிலிருந்து இறங்கினதும் லென்ஸில் நீர் பூக்கும்; துடைக்காமல், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எடுங்கள்.

9. பெட்டரி இரண்டு. யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகிற கெமரா என்றால் ட்ரிப்பில் பாதித் தொல்லை இல்லை. விடியற்காலையில் ஹோர்ட்டன் சமவெளி போகிறவர்கள் பெட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும்.

10. கார்ட் 32 ஜிபி போதும், ஏறக்குறைய நாலாயிரம் படம். ரோட்டோர மலிவுக் கார்டில் உயிரை வைக்காதீர்கள். இரவு தங்குகிற இடத்தில் படங்களைப் போனுக்கு மாற்றிவிட்டுப் படுங்கள்.

11. பெரஹரவில் பிளாஷை நிறுத்துங்கள். அந்தச் சின்ன பிளாஷ் மூன்று நாலு மீற்றருக்கு மேல் போகாது. முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பிடரிதான் வெள்ளையாக வரும். யானைக்கும் தொல்லை. வெளிச்சத்துக்கான உணர்வைக் கூட்டுகிற ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, கெமராவை மதிலில் ஊன்றி, தீவட்டிக்காரர் யானைக்குப் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருந்து தட்டுங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கும் இதே முறைதான், அது பகலில் வருவதால் இன்னும் லேசு.

12. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், மற்றவரையும் அப்படி நிறுத்தாதீர்கள். 2012இல் காலியில் மூன்று பிரெஞ்சு உல்லாசப் பயணிகள், புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல எடுத்த படங்களுக்காக ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். பிரின்ட் போடக் கொடுத்த இடத்திலிருந்துதான் பொலிசுக்குத் தகவல் போனது. சீகிரியா ஓவியங்களைப் படமெடுக்கத் தடை. கோவில் மூலஸ்தானத்தை எடுக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொழுந்து பறிக்கிற பெண்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருளில்லை; அந்த நேரம் அவர்களுக்குக் கிலோக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் படம் பிடிப்பதில் பேர்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் நம் சனங்களைப் படம் பிடித்தார். 1879இல் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவருடைய பெயரும் கல்லறையும் உலகத்துக்குத் தெரியும். அந்தப் படங்களில் இருக்கிற நம்மவர் பலரின் பெயரும் யாருக்கும் தெரியாது. நீங்கள் எடுத்தால் பெயரைக் கேளுங்கள், ஒரு பிரதியை எப்படியாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.

13. நீர்வீழ்ச்சியையும் எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் எடுங்கள், ஆசைதானே. ஆனால் அவற்றை உங்களைவிட நன்றாக எடுத்த படம் ஆயிரம் இருக்கிறது. தங்கின வீட்டு அடுப்படி, பஸ் நிலையம், கடைப் பலகை, வான் சாரதி, வழியில் தேத்தண்ணி குடித்த கடை இவற்றை எடுக்க ஆளில்லை. பழைய தெல்தெனிய நீருக்குள் போகுமுன் அங்கே வாழ்ந்த குடும்பங்களிடம் படம் இருந்தால், அது பெரும்பாலும் ஸ்டூடியோவில் திரைச்சீலை முன்னால் நின்ற கல்யாணப் படம். தெருவை எடுத்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், தேடுவார்கள்.

14. ட்ரிப் முடிந்த கிழமைக்குள் இருபது படம் தெரிவு செய்து பிரின்ட் போடுங்கள். 6×4 போதும். பின்பக்கத்தில் இடம், திகதி, பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை காயுமுன் அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிவிடும்.