ஆறிய துளையில் கசியும் நீர்

அன்புள்ள கயலுக்கு,

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்துவிட்டாய். இன்னும் சில மாதங்களில், பித்தப்பை ஆபரேஷன் முடிந்த கையோடு ரத்தமும் பித்தநீரும் ஒட்டிய கருவிகள் உன்னிடம் வரும். அவற்றைக் கழுவும் தொட்டியைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

பித்தப்பையை முதன்முதலில் வெட்டி எடுத்தவர் பெர்லின் மருத்துவர் கார்ல் லாங்கன்புக். அது 1882 ஜூலை. அதே ஊரில், அதே ஆண்டு மார்ச்சில்தான் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டியிருந்தார். அந்தக் கிருமியின் பங்காளிகள் நூறு ஆண்டு கழித்துப் பித்தப்பை ஆபரேஷனுக்குள் நுழையும் என்று இருவருமே நினைத்திருக்க முடியாது. 1985 செப்டம்பரில், ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் மூஹே வயிற்றைத் திறக்காமல் துளை வழியாகவே பித்தப்பையை எடுத்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

துளை சிறிது என்பதால் சீழ் வைப்பதும் குறைவு. வருவது பெரும்பாலும் தொப்புள் துளையில். பித்தப்பையைப் பல நேரம் அதன் வழியேதான் வெளியே இழுப்பார்கள். கல் நிறைந்த பை அங்கே சிக்கிக் கிழிந்தால் பித்தநீர் புண்ணில் படும். இதற்காகத்தான் பையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இழுக்கிறார்கள். இந்த வகைச் சீழ் முதல் வாரம், பத்து நாளிலேயே சிவந்து, சுட்டு, வலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சீழை வெளியேற்றி மருந்து கொடுத்தால் ஆறிவிடும்.

இன்னொரு வகை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து மூன்று, நான்கு வாரம். தையல் ஆறி, நோயாளி வேலைக்கும் போகத் தொடங்கியிருப்பார். குளிக்கும்போது துளைத் தழும்புக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படும். காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. சில நாளில் தோல் கருத்து, நீர்த்த சீழ் கசியும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அடங்கியதுபோல் இருந்து மறுபடியும் கசியும். வழக்கமான கல்ச்சர் பரிசோதனையை இரண்டு நாளில் முடித்து, 'கிருமி இல்லை' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் உள்ளே இருப்பது மைக்கோபாக்டீரியம் செலோனே, ஃபார்ச்சுயிட்டம், அப்செசஸ் போன்ற ஒன்றாக இருக்கலாம். இவை காசநோய்க் கிருமியின் குடும்பம். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ மாநிலம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2006 ஆகஸ்ட் முதல் 2007 ஜூலை வரை 63 மருத்துவமனைகளில், துளை வழி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்தத் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்துப் பார்த்தபோது மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒரே வம்சக் கிருமி, மைக்கோபாக்டீரியம் மசிலியன்ஸ். கருவிகளை ஊறவைக்கும் 2 சதவீத குளுட்டரால்டிஹைடு கரைசலையே அது தாங்கி நின்றது! 2009இல் பிரேசில் அரசு, இத்தகைய ஆபரேஷன் கருவிகளை ரசாயனத்தில் ஊறவைத்துக் கிருமிநீக்கம் செய்வதற்கே தடை போட்டது.

நம் நாட்டிலும் இந்தத் தொற்று கூட்டமாகப் பரவிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கரைசலில் ஒழுங்காக ஊறிய கருவியை, அதன்பின் அலசிய தண்ணீரே கெடுத்ததும் உண்டு.

ஆகவே தொட்டி முன் நிற்கும்போது அவசரப்படாதே. துளை வழி ஆபரேஷனுக்கான லேப்ராஸ்கோப்பிக் கருவி நீளமான குழல்; நுனியில் கீல், உள்ளே கம்பி, மேலே காப்பு உறை. கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, ரத்தம் காய்வதற்குள் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். கீலில் துளி சதை ஒட்டியிருந்தாலும் கரைசல் அதற்கு அடியில் எட்டாது. ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்குபவற்றை அதில்தான் வைக்க வேண்டும். தாங்காதவற்றுக்கு எத்திலீன் ஆக்சைடு, பிளாஸ்மா முறைகள் உண்டு. அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்று குளுட்டரால்டிஹைடில் இருபது நிமிடம் முக்கி எடுப்பது ஸ்டெரிலைசேஷன் ஆகாது. அதற்குப் பத்து மணி நேரம் ஊற வேண்டும். ஊறியதை அலச ஸ்டெரைல் தண்ணீர் மட்டும்; காலையில் கொதிக்கவைத்து டிரம்மில் ஊற்றி வைத்த தண்ணீர் உதவாது.

எந்தக் கருவி, எந்தத் தேதி, எந்த முறை, எந்த நோயாளி என்று பதிவேட்டில் எழுதிவை. ஒரு மாதம் கழித்து யாராவது தழும்பில் கசிவோடு வந்தால், சீழையும் திசுவையும் மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் தயங்காமல் கேள். உறுதியானால் கிளாரித்ரோமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில் தேவைப்படும். சிலருக்குக் கட்டியை வெட்டியும் எடுக்க வேண்டியிருக்கும். அதே கருவிகள் தொட்ட மற்றவர்களை அழைத்துப் பார்க்க வேண்டிய அன்று, அவர்கள் யார் யார் என்று சொல்ல உன் பதிவேடு மட்டுமே இருக்கும்.

அன்புடன்,
சித்தப்பா