ஆண்மை ஊசியும் வெறும் விந்தும்

'ஆண்மைக் குறைவா?' என்று சுவரில் விளம்பரம் எழுதுபவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாட்டம் குறைந்தவர், உடல் சோர்ந்தவர், விந்தணு குறைந்தவர் மூவருக்கும் ஒரே லேகியத்தை விற்றுவிடலாம். விரைக்குள் நடப்பது வேறு.

நம்பிக்கை: டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன், ஊசியாகப் போட்டால் விந்தணு பெருகும்.

உண்மை: குறையும். இந்த ஹார்மோனைச் சுரப்பவை லெய்டிக் செல்கள். 1850-ல் ஃபிரான்ஸ் லெய்டிக் என்ற ஜெர்மானியர் விவரித்த இவை, விந்தணு விளையும் நுண்குழல்களுக்கு இடையே கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனை அனுப்பினால்தான் இவை வேலை செய்யும். வெளியிலிருந்து ஊசி வந்ததும் 'சரக்கு போதும்' என்று பிட்யூட்டரி கையைக் கட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருக்கும், விரைக்குள் வற்றிவிடும். விந்தணு விளைய அங்கே இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம் இருக்க வேண்டும்.

1990-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். 157 பேரின் விந்தில் ஒரு விந்தணுகூட மிஞ்சவில்லை. வேடிக்கை என்னவென்றால், அது ஆண்களுக்கான கருத்தடைச் சோதனை! உடற்பயிற்சிக் கூடத்தில் கைக்குக் கை மாறும் ஊசியும் இதையேதான் செய்யும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பிவிடுகிறது, ஆனால் பல மாதங்கள் பிடிக்கும்.

நம்பிக்கை: விரையில் நோய் எதிர்ப்புச் செல்கள் தென்பட்டால் அங்கே கிருமி புகுந்துவிட்டது.

உண்மை: அவை அங்கேயே குடியிருப்பவை. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் லெய்டிக் செல்களை ஒட்டியே வாழ்கின்றன. எலியின் விரையில் இவ்விரண்டும் விரல் கோத்தாற்போல் பிணைந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். விழுங்கு செல் சுரக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளை லெய்டிக் செல் டெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக்கொள்ளும். பிறவியிலேயே விழுங்கு செல்கள் குறைந்த ஒரு சுண்டெலி வகையில் டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, கருவுறச் செய்யும் திறனும் குறைவு. அழற்சி வந்தால் மட்டும் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் குணம் மாறுவார். அப்போது அவர் வெளியிடும் வேதிப்பொருள்கள் லெய்டிக் செல்லின் உற்பத்தியை அடக்குகின்றன.

'எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே' என்பாரும் உண்டு. விந்தணு விஷயத்தில் அப்படி இல்லை. எது நம்முடையது, எது அந்நியம் என்பதை உடல் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே படித்து முடித்துவிடுகிறது. விந்தணு தலைகாட்டுவதோ பூப்புப் பருவத்தில். தாமதமாக வந்த இந்தச் சொந்தக்காரனை உடல் அந்நியனாக எண்ணித் தாக்காமலிருக்க, நுண்குழலுக்குள் விந்தணுவைப் பேணும் செர்டோலி செல்கள் நெருக்கமாகச் சேர்ந்து சுவர் எழுப்பி மறைக்கின்றன. அடிபட்டாலோ, விரை முறுக்கிக்கொண்டாலோ சுவர் உடையலாம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. பின்னாளில் குழாயை மறுபடி இணைத்தாலும் குழந்தைப் பேறு தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, பொன்னுக்குவீங்கி வந்த பையனுக்குப் பிள்ளை பிறக்காது என்ற பயம். பூப்புக்கு முன் வந்தால் விரை பாதிக்கப்படுவது அபூர்வம். பெரியவர்களுக்கு வந்து விரை வீங்கினாலும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். முழு மலட்டுத்தன்மை அரிது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடும் வழக்கம் வைரஸை ஒன்றும் செய்யாது. எம்.எம்.ஆர். தடுப்பூசி தடுக்கும். இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகப் போடும் எம்.ஆர். ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான பங்கு இல்லை என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.