சிறு பெட்டிக்குள் ஒரு கணினி

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கே, டைமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் பகுதி பெஹாலா. இடவசதி குறைந்த வீடுகளில் படிக்கும் மேசையே உண்ணும் மேசையாகவும் அமைவதுண்டு. மழைக்காலத்திலோ தாழ்வான தெருக்களில் நீர் தேங்கி வாசற்படியைத் தொடும். ஆகையால் தரையில் நிறுத்தும் பெரிய கணினிப் பெட்டி இவ்விடத்திற்கு ஒவ்வாது; மேசையின் ஒரு மூலையில் அடங்கும் சிறிய பெட்டியே ஏற்றது. அத்தகைய கணினியைக் குறைந்த பணத்தில், உறுப்புகளைத் தாமே வாங்கிப் பூட்டி, விலைக்கு மீறிய வேகத்தோடு இயங்கச் செய்ய இயலுமா? இயலும். ஆனால் எங்கே சிக்கனம் காட்டலாம், எங்கே காட்டலாகாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். தவறினால், ஒரு குடும்பம் ஓராண்டு சேர்த்த பணம் ஒரே மாலையில் கருகிப் போகும்.

கணினியைக் கையால் அமைப்பது இந்நகருக்குப் புதிதன்று. மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், சமரேந்திர குமார் மித்ரா 1953இல் மின்னணு ஒப்புமைக் கணினி ஒன்றை உருவாக்கினார். பத்து மாறிகளைக் கொண்ட நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பது அதன் பணி. அன்று ஓர் ஆய்வகம் மேற்கொண்ட முயற்சியை இன்று ஒரு மாணவர் திருப்புளி ஒன்றைக் கொண்டே வீட்டில் செய்துவிடலாம். உறுப்புகள் யாவும் ஆயத்தமாகக் கடையில் கிடைப்பதே காரணம்.

கணினியின் செயலி ஒரு துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. நட்டுவாங்கத் தாளத்திற்கு ஆடுபவர் அடியெடுத்து வைப்பது போல, ஒவ்வொரு துடிப்புக்கும் அது தன் வேலையை ஒரு படி நகர்த்துகிறது. நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்புகள் ஒரு மெகாஹெர்ட்ஸ் ஆகும். செய்தவர் குறித்துக் கொடுத்த துடிப்பினும் விரைவாகச் செயலியை ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். இதனைத் தமிழில் மிகைத்துடிப்பு எனலாம்.

இக்கலையைப் பலரும் அறியச் செய்தது 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் செயலியாகும். அதன் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. தாய்ப்பலகை 66 மெகாஹெர்ட்ஸ் அனுப்ப, செயலி 300இல் ஓடியது. தாய்ப்பலகையை 100க்கு மாற்றியவுடன் அதே செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடலாயிற்று. அப்போது 450இல் ஓடிய பென்டியம் 2 செயலியின் அறிமுக விலை 669 டாலர். செலரானுக்கோ 149 டாலர்தான். எல்லாச் செலரான்களும் இவ்வாறு ஓடின என்று எண்ணலாகாது. பல ஓடின, சில ஓட மறுத்தன. மிகைத்துடிப்பு என்பது உறுதியளிக்கப்பட்ட உரிமையன்று, கிடைத்தால் வரவு. அதனை நம்பி வாங்காமல், குறித்த வேகமே தமக்குப் போதும் என்னும் செயலியை வாங்குபவர் ஏமாறுவதில்லை.

இன்றும் அவ்வாய்ப்பு முற்றும் மறையவில்லை. இன்டெல் தன் செயலிகளுள் சிலவற்றுக்கு மட்டுமே பூட்டை அகற்றித் தருகிறது. ஏஎம்டியின் மேசைக்கணினி ரைசன் செயலிகளுள் பெரும்பாலானவை பூட்டின்றியே வருகின்றன. எனினும் தாய்ப்பலகையும் இசைய வேண்டும்: ஏ320 வகைப் பலகை மிகைத்துடிப்புக்கு இடந்தராது, பி450, பி550 வகைகள் தரும். ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 5600ஜி செயலிக்குள் வரைகலைப் பகுதியும் அடங்கியிருப்பதால் தனி வரைகலை அட்டை வேண்டுவதில்லை. பணமும் மிஞ்சும், இடமும் மிஞ்சும். இத்தகைய செயலிக்கு 16 ஜிபி நினைவகத்தை ஒரே துண்டாக வாங்குவதினும் எட்டு எட்டாக இரு துண்டுகளாக வாங்குதல் நன்று; இரு வழிகளிலும் தரவு பாய்வதால் படங்கள் விரைந்து தோன்றும்.

சிறியது மலிவானது என்று நினைப்பது இயல்பு. கணினியில் அது பொய்க்கிறது. 17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் பலகை பொதுவாக விலை மிகுந்தது. 24.4 சென்டிமீட்டர் அளவுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையும் அதற்கேற்ற சிறு பெட்டியும் மேசைக்குப் போதும். எஞ்சும் பணம் வேறோர் இடத்திற்குத் தேவைப்படும்.

அவ்விடம் வெப்பம். செயலி வெளிவிடும் வெப்பம் துடிப்புக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. துடிப்பை மட்டும் பத்து விழுக்காடு கூட்டினால் வெப்பமும் ஏறத்தாழப் பத்து விழுக்காடே கூடும். மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்டினாலோ 1.1 × 1.1 × 1.1 = 1.331, அதாவது வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். குளிர்நாட்டில் 20 பாகை அறையில் 65 பாகையில் ஓடும் செயலி, மே மாதத்து பெஹாலாவில் 36 பாகை அறையில் 81 பாகையைத் தொடும். மேற்சொன்ன ரைசனின் உச்சவரம்பு 95 பாகை. சிறு பெட்டியில் காற்று புழங்கும் வழியும் குறுகியது. ஆகவே இந்நகரில் மின்னழுத்தத்தைத் தொடாமல் துடிப்பை மட்டும் உயர்த்துவதே அறிவுடைமை. காற்றை உள்ளிழுக்க ஒன்றும் வெளித்தள்ள ஒன்றுமாக இரு விசிறிகள் வேண்டும். பெட்டியின் மேல் ஒளிரும் வண்ண விளக்குகள் வேகத்தை ஒரு மெகாஹெர்ட்ஸும் கூட்டுவதில்லை.

உறுப்புகளுக்குப் பெஹாலா மக்கள் எஸ்பிளனேடு செல்லும் பேருந்தில் ஏறி, அங்கிருந்து நடந்தே சாந்தினி சௌக் சந்தையை அடைவர். புதியனவும் பழையனவும் அங்கே அருகருகே விற்கும். பெட்டி, விசைப்பலகை, திரை ஆகியவற்றைப் பழையனவாக வாங்கலாம். செயலியையும் இயக்கிக் காட்டச் சொல்லி வாங்கலாம். மின்வழங்கியை மட்டும் பழையதாக வாங்கலாகாது. அது பழுதுபட்டால் தான் மட்டும் போவதில்லை. தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் செல்லும். மேலே எழுதிய வாட் அளவை நம்பாமல், 80 ப்ளஸ் முத்திரையும் உத்தரவாதமும் உள்ளதைப் புதிதாகவே வாங்க வேண்டும். மிகைத்துடிப்பால் நேரும் சேதத்திற்குச் செயலியின் உத்தரவாதம் பொருந்தாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பூட்டி முடித்தபின் முதல் வாரம் குறித்த வேகத்திலேயே ஓட்ட வேண்டும். பின்னர் பயாஸ் அமைப்பில் நூறு மெகாஹெர்ட்ஸாகத் துடிப்பை உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 போன்ற மென்பொருளால் ஒரு மணி நேரம் சோதித்து, வெப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணினி உறைந்தாலோ கணக்கில் பிழை காட்டினாலோ ஒரு படி இறங்குக. திரையே தோன்றாவிடில் அஞ்ச வேண்டா. மின்னிணைப்பைத் துண்டித்து, தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பழைய அமைப்பு மீளும். குளிர்காலத்தில் நிலைத்த வேகம் சித்திரை வெயிலில் நிலைக்காமல் போகலாம். அதனால் இறுதிச் சோதனையை நடுப்பகலில், அறைக்கதவை மூடி வைத்துச் செய்க.

சொற்பொருள்
ஒவ்வாது – பொருந்தாது
திருப்புளி – திருகாணியை முடுக்கும் கருவி
பாகை – வெப்ப அளவின் அலகு
எஞ்சும் – மிஞ்சும்

வினாக்கள்
1. செலரான் 300ஏ 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது எவ்வாறு? கணக்கிட்டுக் காட்டுக.
2. துடிப்பும் மின்னழுத்தமும் ஐந்து ஐந்து விழுக்காடு உயர்ந்தால் வெப்பம் எவ்வளவு கூடும்?
3. பழையதாக வாங்கக் கூடாத உறுப்பு எது? ஏன்?
4. ‘புதிதன்று’, ‘புதியன அல்ல’ – இவ்விரண்டையும் வாக்கியத்தில் அமைத்து, ஒருமை பன்மை வேறுபாட்டை விளக்குக.