விழுந்து எழுந்தவர் மீண்டும் வண்டி ஏறுமுன்

புளியங்குடி வழியாக ஓடும் கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, ஈசுவர கிருபையால் சிராய்ப்போடு எழுந்து நின்றவர், ஒன்றுமில்லை என்று சட்டையைத் தட்டிக்கொண்டு நேரே வீடு திரும்புவது உசிதமன்று. தலையில் பட்ட அடி, வாந்தி, மயக்கம், ஏறிக்கொண்டே போகும் தலைவலி என்று சில மணி நேரம் கழித்தே தன் சொரூபத்தைக் காட்டுவதுண்டு. 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறித்த வரம்புவரை இலவசம்.

தரையில் மோதிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாகவே இருந்தாலும், உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கு ஒருமுறை நசுங்கி அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டுவிட்டால் மறுமுறை ஏற்காதாகையால், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதியதொன்றை வாங்குவதே விவேகம். பழையதைத் தம்பிக்குக் கொடுப்பது தானமாகாது!

மெக்கானிக்கிடம், உடைந்த கண்ணாடிக்கு முன்பாக முன் ஃபோர்க்கின் வளைவையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வைத்தியர் அனுமதி அளித்து, தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளும் நின்ற பிறகு, எலுமிச்சை மூட்டை ஏற்றிய வண்டிகள் வராத தெருவொன்றில், விடியற்காலையில், பிரேக் பிடித்து நிறுத்துவதை மாத்திரம் அப்பியாசம் செய்துவிட்டு, விழுந்த இடத்தைப் பிறகு ஒரு நாள் பகல் வெளிச்சத்தில் நிதானமாகக் கடந்து பாருங்கள். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலின் முதல் தூறல் சாலைப் புழுதியோடும் எண்ணெயோடும் கலந்து வழுக்குமாதலால், பின்னால் ஆளேற்றுவதைச் சீசன் முடியும்வரை ஒத்திவைக்கலாம்.