பெக்கி ஆஷ்கிராஃப்ட்: மேடை வளர்த்த கலைச்செல்வி

நாடகக் கலைஞரின் புகழை நீர்மேல் எழுத்து என்பார்கள். ஓவியம் சுவரில் நிற்கும், கவிதை ஏட்டில் நிற்கும். மேடையில் பேசிய பேச்சோ திரை விழுந்ததும் காற்றோடு போய்விடும். அங்ஙனமிருக்க, 1930-களில் இலண்டன் மேடையில் நடித்த ஓர் அம்மையாரை இன்றும் நாடகம் பயில்வோர் நினைவுகூர்கிறார்களே, ஏன்?

பெக்கி ஆஷ்கிராஃப்ட் 1907 டிசம்பர் 22-இல் இலண்டனை அடுத்த குராய்டனில் பிறந்தார். தந்தையார் முதல் உலகப் போரில் மாண்டார். பெக்கி இலண்டனில் நாடகப் பள்ளியொன்றில் பயின்றபோது உடன் பயின்றவர் லாரன்ஸ் ஒலிவியர். 1926-இல் பெக்கி பர்மிங்காம் நகரில் முதன்முதலாக மேடையேறினார்.

1930-இல் சவாய் அரங்கில் 'ஒத்தெல்லோ' நடந்தது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பால் ராப்சன் ஒத்தெல்லோ. 22 வயதுப் பெக்கி அவன் மனைவி டெஸ்டிமோனா. கறுப்பரும் வெள்ளையரும் கணவன் மனைவியாக மேடையில் நிற்பதைப் பொறாதவர்கள் பெக்கிக்கு வசைக் கடிதங்கள் எழுதினர். அரங்கை ஒட்டிய ஓட்டலிலோ, முந்தைய ஆண்டுதான் ராப்சனுக்கு உணவு பரிமாற மறுத்திருந்தனர்! நிறவெறி இன்னதென்று அந்த இளம் நடிகை கற்ற பாடம் அது. அதன்பின் வாழ்நாள் முழுதும் அநீதியைக் கண்டால் வாய்மூடி இராதவர் என்றே பெயரெடுத்தார்.

1935-இல் 'ரோமியோ ஜூலியட்'. கில்குட், ஒலிவியர் இருவரும் ரோமியோ வேடத்தையும் மெர்குஷியோ வேடத்தையும் மாற்றி மாற்றி ஏற்றனர். ஜூலியட் மட்டும் மாறவில்லை. 186 முறை நடந்தது அந்நாடகம். ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயது நிரம்பவில்லை. ஆனால் அவள் வாயில் ஷேக்ஸ்பியர் வைத்திருப்பதோ கனத்த செய்யுள். குழந்தையாக நடித்தால் செய்யுள் கெடும். செய்யுளை முழங்கினால் குழந்தை மறைந்துபோவாள். பெக்கி செய்யுளின் ஓசையை விடாமல், வீட்டில் பேசுவதுபோலப் பேசினார். நம் பேச்சுப் போட்டிகளில் கூரை அதிரக் கத்துகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1963-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் அவர் ஏற்ற மார்கரெட் அரசி வேடமே அவருடைய திறமைக்கெல்லாம் சிகரம் என்பது என் கருத்து. 'ரோஜாப் போர்கள்' என்ற பெயரில் மூன்று நாடகங்களைத் தொடர்ந்து நடத்தினர். முதல் நாடகத்தில் மார்கரெட் பிரான்சிலிருந்து வரும் இளமங்கை. மூன்றாவதில் கணவனையும் மகனையும் இழந்து சபிக்கும் கிழவி. அப்போது பெக்கிக்கு வயது 55! முகப்பூச்சு கொஞ்சம் உதவும். மற்றதை நடையும் குரலும்தான் செய்தாக வேண்டும். நல்லவேளையாக பி.பி.சி. அதைப் படமாக்கி 1965-இல் ஒளிபரப்பியது. நீர்மேல் எழுத்தில் ஒரு பகுதியாவது நமக்கு மிஞ்சியிருக்கிறது.

திரைப்படங்களில் அவர் அதிகம் தோன்றவில்லை. 1959-இல் வந்த 'கன்னியாஸ்திரியின் கதை' படத்தில் காங்கோ நாட்டு மடத்தின் தலைவியாக வருகிறார். ஆட்ரி ஹெப்பர்ன் அதில் கதாநாயகி. நம் அருட்சகோதரிகளுள் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும்.

இந்தியாவோடு அவருக்கு உறவு ஏற்பட்டது முதுமையில்தான். 1984-இல், 'மணிமுடியின் மாணிக்கம்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியை பார்பி பாச்சலர் ஆனார். ஓயாமல் பேசுகிறவர், பிறர் கேலிக்கு ஆளாகிறவர், உள்ளுக்குள் தனித்துத் தவிப்பவர் பார்பி. எளிதில் நகைப்புக்கிடமாகிவிடக்கூடிய அந்த வேடத்தைப் பார்க்கும் நமக்குச் சிரிப்பு வருவதற்குள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதே ஆண்டில் டேவிட் லீன் இயக்கிய 'இந்தியப் பயணம்' படத்தில் திருமதி மூர். இரவில் மசூதிக்கு வரும் ஆங்கில மூதாட்டியைக் கண்டு டாக்டர் அஜீஸ் சினந்து கத்துகிறார். அவரோ முன்னமே காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். பெரிய வசனமோ அழுகையோ அங்கு இல்லை. ஆயினும், எதிரே நிற்பவரை மனிதராக மதிக்கும் ஒருத்தியை அந்தச் சில நிமிடங்களில் கண்டுகொள்கிறோம். நம் நீலகிரி மலை இரயிலும் இப்படத்தில் புகைவிட்டுக்கொண்டு வருகிறது! இவ்வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசு 1985-இல் அவருக்குக் கிடைத்தபோது வயது 77.

பிறந்த ஊரான குராய்டனில் 1962 முதல் அவர் பெயரால் ஓர் அரங்கம் இருக்கிறது. 1991 ஜூன் 14-இல் காலமானார். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் வாழ்ந்த மனைத் தோட்டத்தில் 1969-இல் தாமே நட்ட மல்பெரி மரத்தடியில் அவரது அஸ்தி தூவப்பட்டது.